பிறந்த அன்றே பழசான பாட்டு

வெள்ளூரணிக் கீழத்தெரு மாரிக்கனி கட்டிய பாட்டுகளில் ஒன்றுகூட ஒரு நாளாவது புதுசாக இருந்தது கிடையாது. காலையில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டே முதலடியைப் பிடிப்பாள், மத்தியானம் தூக்குச்சட்டி கழுவும்போது இரண்டாமடி வந்து சேரும், வாரக்கணக்கில் அதை யாருக்கும் காட்டாமல் வாய்க்குள்ளேயே போட்டு உருட்டி, மெட்டுக்குச் சொல் போதாத இடத்தில் சொல்லைக் கெஞ்சி, சொல்லுக்கு மெட்டு போதாத இடத்தில் மெட்டைத் திட்டி, கடைசியில் ஒரு கோயில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ மேடையேறி முதல் தடவையாகப் பாடினால், மூன்றாவது வரிக்குள் கூட்டம் முழுக்கக் கூடவே பாடத் தொடங்கிவிடும். பாடி முடித்துவிட்டு, எங்க அம்மா களையெடுக்கையில் பாடினது, எங்க மாமன் கமலை இறைக்கையில் பாடினது என்று ஆளாளுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அம்மா பாடிய இடம், அன்றைக்கு அடித்த வெயில், அம்மா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை வரைக்கும் அவரவருக்கு ஞாபகம் வந்தது.

முதல் தடவை இது நடந்தது குமாரபுரம் காளி கோயில் கொடையில். மேடையை விட்டு இறங்கினதும் மாரிக்கனி நேராகப் போய்ச் சண்டை பிடித்தது கொம்பையாவிடம்தான். கொம்பையா அவளுக்குப் பெரியப்பா மகன், உறுமிக்காரன், அவள் போகிற ஊருக்கெல்லாம் கூடப் போகிறவன். ஒத்திகையில் அவனைத் தவிர அந்தப் பாட்டை ஒரு ஈ காக்காய்கூடக் கேட்டதில்லை. நீதானே வெளியே விட்டாய் என்று அவள் கத்த, அவன் உறுமிக்கு உறை மாட்டிக்கொண்டே, இதில் வெளியே விட என்ன இருக்கிறது, எங்க அய்யா பருத்திக் காட்டில் பாடுகிற பாட்டுத்தானே, சின்னப் பிள்ளையில் நீயும் கேட்டிருப்பாய் என்று சாவகாசமாகச் சொன்னான். ஒத்திகையில் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, தெரிந்த பாட்டைத் தெரிந்த பாட்டு என்று எவனாவது சொல்லிக்கொண்டிருப்பானா என்று திருப்பிக் கேட்டான். மாரிக்கனி அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை.

ஊர் உலகம் இதை அதிசயமாக எடுத்துக்கொண்டதா என்றால், அதுதான் இல்லை. நல்ல பாட்டு பழசாகத்தான் இருக்கும் என்பதில் யாருக்குச் சந்தேகம்? கரிசல்காட்டு ஊர்களெல்லாம் பாட்டுக்கு அடித்துக்கொண்டன. அவள் அந்தக் கொடையில் பாடிய கருவேலங்காட்டுப் பாட்டு எங்களுடையது என்று குமாரபுரத்தார் சொல்ல, எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தபோது சீராகப் போனது அது என்று பக்கத்து ஊரார் சொல்ல, பஞ்சாயத்து வரைக்கும் போனது. கல்லூரி வாத்தியார் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு இருநூறு வருஷத்துக்குக் குறையாத பாட்டு என்று தொகுப்பில் போட்டார். பிறகு அது ஒரு சினிமாவில் வந்தது, கதாநாயகி நடவு நடுகிற மாதிரி நடித்தாள், பாட்டெழுதியவர் பெயர் வர வேண்டிய இடத்தில் 'பாரம்பரியம்' என்று வந்தது. மாரிக்கனிக்கு வந்த ஆத்திரத்தில் கொம்பையாவை இழுத்துக்கொண்டு மெட்ராசுக்கு ரயிலேறிவிட்டாள்.

அந்தப் படத்து இசையமைப்பாளரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார், நீங்கள்தான் எழுதினீர்கள் என்றால் இன்னொன்று பாடுங்களேன் என்றார். அவள் அதுவரை எங்கும் பாடாத ஒன்றைப் பாடினாள். பாதியிலேயே அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். தன்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது தன் அம்மா பாடியது என்றும், இத்தனை வருஷம் எப்படி மறந்துபோனேன் என்றும் விம்மினார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். திரும்பி வருகிற ரயிலில் கொம்பையா சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனான், அவள் கோவில்பட்டி வரும் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆனால் விடுகிற ஆளா அவள்? என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு என் பெயரைப் போட ஏன் மாட்டேன் என்கிறீர்கள், அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரே ஒரு பாட்டு, இது மாரிக்கனி கட்டியது என்று நாலு பேர் ஒப்புக்கொண்டால் போதும். பழைய காலத்தில் இருந்திருக்கவே முடியாத சாமானாகப் பார்த்துப் பாட்டில் வைத்தால் என்ன செய்வார்கள் என்று யோசித்தாள்.

ஊருக்கு மேக்கால ஒத்த டவரு நிக்குது
ஒம் பேச்சு எம் பேச்சு அத்தனையும் கேக்குது

இதைப் பாடினாள். கூட்டம் கூடச் சேர்ந்து பாடியது. மறுநாள் டீக்கடையில் கிழடு கட்டைகளெல்லாம் உட்கார்ந்து, வெள்ளைக்காரன் காலத்தில் அந்த டவருக்கு அடியில் ஆடு மேய்த்ததையும், பஞ்சகாலத்தில் அதன் நிழலில் கஞ்சி ஊற்றியதையும் பேசிக்கொண்டிருந்தார்கள். சரி, என் பெயரையே வைக்கிறேன் என்று அடுத்த பாட்டின் கடைசி அடியில் 'வெள்ளூரணி மாரிக்கனி கட்டிச் சொன்ன பாட்டு' என்று வைத்துப் பார்த்தாள். அதற்கு என்ன ஆயிற்று தெரியுமா? அந்தக் காலத்தில் மாரிக்கனி என்று பெரிய பாட்டுக்காரி ஒருத்தி இருந்தாள், அவள் பாடினால் மழை இறங்கும், அவள் பெயரைத்தான் இந்தப் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் ஞாபகம் வந்து, குமாரபுரத்து ஊருணிக் கரையில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் துணி சுற்றிப் பொங்கல் வைத்தார்கள். அந்தப் பொங்கலுக்குப் பாட அவளையே அழைத்தார்கள். ஒனக்கு நீயே ஒரு கும்பிடு போட்டுக்க என்று கொம்பையா காதோரம் சொன்னபோது அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, வீம்புக்கு இன்னும் இரண்டு பாட்டு அதிகமாகப் பாடினாள்.

அவளை நம்பிய ஒரே ஆள் நிரஞ்சன். ஒடிசாக்காரன், ஊருக்கு வெளியே உள்ள நூல் மில்லில் வேலை, கீழத்தெருவில் நாலைந்து கூட்டாளிகளோடு வாடகைக்கு இருந்தான், வந்து சில வருஷத்தில் தமிழ் ஓரளவு பேசினான். மில் வாசல் டீக்கடையில் அவள் ஒரு புதுப்பாட்டை எடுத்துவிட்டபோது கடையே கூடப் பாட, அவன் மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான். அக்கா, இந்தப் பாட்டு புதுசு, இத்தனை நாள் நான் கேட்கலை, ரொம்ப நல்லா இருக்கு என்றான். அவனுடைய அம்மா அவனுக்குப் பாடியதெல்லாம் ஒடியாவில். மாரிக்கனியின் பாட்டு போய் உட்கார அவன் ஞாபகத்தில் பலகை இல்லை. அவ்வளவுதான் விஷயம். மாரிக்கனி அந்த இடத்திலேயே ஓவென்று அழுதுவிட்டாள், அவன் பயந்துபோய் டீக்காசைக் கொடுக்காமலே மில்லுக்குள் ஓடினான். அதற்குப் பிறகு எந்தப் பாட்டு கட்டினாலும் அவனையும் கூட்டாளிகளையும் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் முதலில் பாடுவாள்.

இப்படியிருக்கையில் பைபாஸ் ஓரத்தில் பிளாட் போட்டு எழுந்த ஒரு புது நகரில் இருந்து அவளைத் தேடி வந்தார்கள். நாலா ஊரிலிருந்தும் வந்து வீடு கட்டியவர்கள், எங்களுக்கென்று பழைய பாட்டு ஒன்றும் இல்லை, ஒன்று பாடிக் கொடுங்கள் என்றார்கள். பாடிக் கொடுத்தாள், அந்த நகருக்கே பூர்வீகம் வந்துவிட்டது. அதில் எதுகைக்காக, எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்ததாக ஒரு வரி போட்டிருந்தாள். அங்கே இரண்டு குடும்பம் அந்தக் குழாய்க்காகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. பாட்டைக் கேட்ட மறுநாள் கேஸை வாபஸ் வாங்கிவிட்டு, தலைமுறை தலைமுறையாக ஒன்றாகத் தண்ணீர் பிடிக்கிற குடும்பங்கள் என்று சொல்லிக்கொண்டு ஒரே குழாயில் குடம் வைத்தார்கள்.

திரும்பி வருகிற மினிபஸ்ஸில் கொம்பையா உறுமியை மடியில் வைத்துக்கொண்டு அதையே யோசித்துக்கொண்டு வந்தான். பாட்டு பழசு என்பதை அவன் விட்டுக்கொடுக்கவே மாட்டான், ஆனால் இவள் வாயில் வந்தது நடக்கிறது என்பதை மட்டும் அவன் உள்ளூர அறிந்திருந்தான் போல. பிறகு சொன்னான்.

"ஏ மாரி, அந்த ஓடைக்கு ஒரு பாட்டுப் பாடேன்."

எந்த ஓடை என்று அவள் கேட்கவில்லை. கீழத்தெருவிலிருந்து சுடுகாட்டுக்கு நேர் வழி மேலத்தெரு வழியாகப் போகிறது, தார் ரோடு, தெருவிளக்கு, எல்லாம் உண்டு. ஆனால் கீழத்தெருப் பிணம் அதில் போகக் கூடாது. ஓடையில் இறங்கித்தான் போக வேண்டும். கோடையில் முள், மழையில் கழுத்தளவுத் தண்ணீர். மாரிக்கனியின் அப்பனை ஐப்பசி மழையில் அந்த ஓடை வழியாகத்தான் தூக்கிப்போனார்கள், நடு ஓடையில் கால் வழுக்கி, பாடை ஒரு பக்கம் சாய்ந்து, அவள் அப்பன் முகம் தண்ணீருக்குள் போய் வந்ததைக் கரையில் நின்று அவள் பார்த்தாள். மனு மேல் மனு கொடுத்துப் பார்த்தாயிற்று, அதிகாரிகள் வந்து இரண்டு தெருவையும் பார்த்துவிட்டுப் போவதோடு சரி.

அவள் மாட்டேன் என்றுவிட்டாள். பாடினால் பாதை கிடைக்கும், தெரியும். ஆனால் காலங்காலமாக விட்டுக்கொண்டுதான் இருந்தோம் என்று மேலத்தெருக்காரர்களுக்கு ஞாபகம் வந்துவிடும், அதுவும் தெரியும். செய்ததையெல்லாம் துடைத்து, அவர்களை நல்லவர்களாக்கி, எங்கள் அப்பன் குடித்த தண்ணீரையும் இல்லையென்று ஆக்கிக் கொடுக்க நான் என்ன அவர்கள் வீட்டு வேலைக்காரியா? இல்லாத வழியைச் சண்டை போட்டு வாங்கினோம் என்று இருக்க வேண்டும், வாங்கிய நாள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்க வேண்டும், என் பாட்டு எப்படி என் பாட்டோ அப்படி அந்த வழி நாங்கள் வாங்கிய வழியாக இருக்க வேண்டும். இதையெல்லாம் அவனிடமே சொன்னாள். கொம்பையா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை, சாகிறவனுக்கு முதுகு நனையாமல் போனால் போதும் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டான்.

அந்தக் கார்த்திகையிலேயே கொம்பையா செத்துப்போனான். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வெளியே மழை விடாமல் பெய்கிறது, ஓடை கரையை முட்டிக்கொண்டு ஓடுகிறது, ஆள் இறங்கினால் ஆளையே கொண்டுபோய்விடும். தண்ணீர் வடிகிற வரைக்கும் பிணத்தைப் போட்டுவைக்க முடியாது. கீழத்தெரு இளந்தாரிகள் இந்தத் தடவை மேலத்தெரு வழிதான் என்று பாடையைத் தூக்கிவிட்டார்கள். ஆள் போதாமல் நிரஞ்சனும் அவன் கூட்டாளிகளும் தோள் கொடுத்தார்கள். மேலத்தெரு முனையில் ஊர்த் தலைவர் அழகுராஜா நடுரோட்டில் நிற்கிறார், அவருக்குப் பின்னால் கம்பும் கட்டையுமாக ஆட்கள் நிற்கிறார்கள், வாசல்களில் பெண்கள் நிற்கிறார்கள், யாரும் அசையவில்லை. கொம்பையாவின் பெண்சாதி வடிவு பாடைக்குப் பின்னால் நனைந்துகொண்டு நின்றாள். போலீசுக்குச் சொல்லியிருக்கிறது என்று ஒருவர் சொன்னார், வந்தாலும் ஓடைப் பக்கம்தான் கையைக் காட்டுவான் என்று இன்னொருவர் சொன்னார். முதல் கல் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதுதான் தெரியவில்லை.

மாரிக்கனி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். வாய்க்கட்டுத் துணியில் மழைத்தண்ணீர் ஊறி உதட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அப்பன் முகம் வந்தது, மினிபஸ் வந்தது, தான் சொன்ன நியாயமெல்லாம் வந்தது. எல்லாம் நியாயம்தான், ஒன்றும் தப்பில்லை, அதற்கென்று இவனைத் தண்ணீரில் விட முடியுமா? பாடைக்கு முன்னால் போய் நின்றாள். வாரக்கணக்கில் உருட்ட நேரமில்லாத பாட்டு, நின்ற இடத்திலேயே வந்தது.

மேலத்தெரு வழியாத்தான் மேளச்சத்தம் போகுமாம்
வாசலுக்கு ஒரு கொடமாம் வச்சிருப்பாக தண்ணியாம்
தூக்கி வாரவுக காலு சூடாற ஊத்துவாக
அப்பன் போன வழியிலதான் அண்ணன் நீயும் போகணும்

கடைசி அடியில் அவள் நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்பன் போன வழி எது என்று அவளுக்குத் தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு அந்த அடியைத் திரும்பவும் முதலிலிருந்து எடுத்து, தொண்டை கிழியப் பாடினாள்.

முதலில் அழகுராஜாவின் பெண்சாதி உள்ளே போய் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரி, பிறகு எதிர் வீட்டுக்காரி, மழையிலும் வாசலுக்கு ஒரு குடம் வந்து உட்கார்ந்தது. கம்பு வைத்திருந்தவர்கள் இதை எதற்கு எடுத்து வந்தோம் என்று ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சுவரோரம் சாய்த்துவைத்தார்கள். அழகுராஜா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என்னப்பா மசமசன்னு நிக்கீக, மழையில பிணத்தை வச்சுக்கிட்டு, வழியை விடுங்க என்று தன் ஆட்களையே சத்தம் போட்டார். பாடை போனது. தூக்கியவர்கள் காலில் வாசலுக்கு வாசல் தண்ணீர் விழுந்தது. தூக்கிப்போன கீழத்தெரு இளந்தாரிகளுக்கும் அது வழக்கமாகத்தான் இருந்தது, அவர்கள் அப்பாமார்களும் அப்படித்தான் போனதாக அவர்களுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. வடிவுகூட, மாமனார் போனபோது வெயில், ஊற்றிய தண்ணீர் எவ்வளவு குளுமை என்று அழுகைக்கு நடுவே சொன்னாள். நிரஞ்சனும் கூட்டாளிகளும் மட்டும் பாடைக்கடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

அதற்குப் பிறகு வெள்ளூரணியில் எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் அந்தப் பாட்டுத்தான், அந்தக் குடந்தான், அந்த வழிதான். மாரிக்கனி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனாள், கொடைகளுக்குப் போனாள், புது உறுமிக்காரன் ஒருவனைப் பிடித்துத் திட்டித் திட்டிப் பழக்கினாள், பாட்டு கட்டிக்கொண்டேயிருந்தாள். பெயர் வேண்டும் என்பதையும் விடவில்லை.

அது தேடி வந்தது. மெர்சி என்று ஒரு அம்மா, மதுரையிலிருந்து நாட்டுப்புறப் பாட்டுகளைப் பதிவு செய்ய வந்தவர், நிரஞ்சனிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அந்த அம்மாவுக்கும் பாட்டுகளெல்லாம் தன் அம்மா பாடியதாகத்தான் ஞாபகம், ஆனாலும் படித்தவர், ஞாபகத்தை ஓரமாக வைத்துவிட்டு விசாரித்தார். மற்றப் பாட்டுகளுக்கு நிரஞ்சன் ஒருவன் சொல்லுந்தான் இருந்தது, அவன் கூட்டாளிகளுக்கு எது எப்போது என்று பிடிபடவில்லை. குடப் பாட்டுக்கு மட்டும் மாறாத சாட்சி இருந்தது. பாடை தூக்கிய அத்தனை வெளியூர்ப் பையன்களும், சிலர் இப்போது திருப்பூரில், சிலர் ஊரோடு போய்விட்டார்கள், தனித்தனியாக ஒரே மாதிரி சொன்னார்கள்: அன்றைக்கு முன்னால் வழி இல்லை, அந்தப் பாட்டும் இல்லை, அக்கா அங்கே நின்று கட்டியது. இந்த ஒன்றை நிலைநாட்டிவிட்டால் மற்றதெல்லாம் மாரிக்கனியுடையது என்பது தானாக வந்துவிடும் என்று அந்த அம்மா சொன்னார். கருவேலங்காட்டுப் பாட்டு, டவர் பாட்டு, தொட்டில் பாட்டு, எல்லாவற்றுக்கும் கீழே மாரிக்கனி என்று அச்சில் வரும். வெள்ளூரணியிலேயே விழா வைத்தார்கள்.

பந்தல் மேலத்தெருவில். முன் வரிசை நாற்காலியில் வடிவு உட்கார்ந்திருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் அழகுராஜாவின் பெண்சாதி. அழகுராஜா மைக்கைப் பிடித்து, மற்ற ஊர்களில் தெருவுக்குத் தெரு பேதம் பார்ப்பதாகக் கேள்விப்படுகிறோம், எங்கள் ஊரில் அப்படி எந்தக் காலத்திலும் கிடையாது, எங்கள் பாட்டன் காலத்திலிருந்து கீழத்தெருப் பெரியவர்களுக்குக் குடம் வைத்து வழியனுப்புகிற ஊர் இது என்று நெஞ்சை நிமிர்த்திப் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். மேடையில் உட்கார்ந்திருந்த மாரிக்கனி நாற்காலி நுனிக்கு நகர்ந்துவிட்டாள். எழுந்து போய் அந்த மைக்கைப் பிடுங்கி, எங்கள் அப்பன் வாயில் ஏறின தண்ணீர் எந்தக் குடத்துத் தண்ணீர் என்று கேட்கலாம். கேட்பதற்கு இன்றைக்குச் சாட்சியும் இருக்கிறது, பெயரும் கிடைக்கும்.

மெர்சியம்மா மைக்கை அவளிடம் கொண்டுவந்து நீட்டினார். கூட்டத்தின் கடைசியில் நிரஞ்சன் எழுந்து நின்றுகொண்டான்.

"சொல்லுங்கம்மா. இந்தப் பாட்டு நீங்க கட்டினதுதானே? என்னைக்கு, எதுக்காகக் கட்டினீங்க, அதை எல்லாருக்கும் சொல்லுங்க."

மாரிக்கனி மைக்கை வாங்கினாள். வடிவைப் பார்த்தாள். வடிவுக்குப் பின்னால், கீழத்தெருக் கடைசி வீட்டில் இழுத்துக்கொண்டு கிடக்கிற சீனியப்பனின் மகன் உட்கார்ந்திருந்தான். இன்றைக்கோ நாளைக்கோ என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த சமயம், ஓடையில் தண்ணீரும் ஏறிக்கொண்டிருந்தது. இந்த வழி இல்லாமல் இருந்தது என்று ஒருவருக்கு ஞாபகம் வந்தால் போதும், மறுபடி இல்லாமல் செய்ய ஆள் இருக்கிறது.

"இல்லம்மா," என்றாள். "இது பழைய பாட்டு. எங்கப்பாவை இந்தத் தெரு வழியாத் தூக்கிட்டுப் போகையிலேயே பாடுனது. நான் கட்டுனது இல்ல."

மெர்சியம்மாவின் முகம் விழுந்துபோனது. நிரஞ்சன் வாயைத் திறந்தான், அவள் அவனையே பார்த்தாள், அவன் மெதுவாக உட்கார்ந்துவிட்டான். அவள் மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு அழகுராஜாவின் பக்கம் திரும்பினாள்.

"தலைவரய்யா, சீனியப்பன் அண்ணாச்சிக்கு ரொம்ப முடியல. கொடம் எடுத்து வைக்கச் சொல்லிருங்க."

"இதையெல்லாம் சொல்லணுமாக்கும்?" என்றார் அழகுராஜா, கொஞ்சம் கோபமாகவே. "காலங்காலமா நடக்கிறதுதான?"

"ஆமாய்யா," என்றாள் மாரிக்கனி. "காலங்காலமா."